அரிச்சல்முனையில் தொடங்கி உலகம் சுற்றலாம்

பிள்ளைக்கு உலகப் படம் சொல்லிக்கொடுக்க உட்காரும் பலரும் முதல் நாளே தலைநகரங்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம். போனில் கூகுள் எர்த்தைத் திறந்து அரிச்சல்முனை என்று தேடுங்கள். தனுஷ்கோடி ரோடு முடிகிற இடம், தெற்கே ஊர்க்காரர்கள் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா, வடக்கே பெண்கடல் என்று சொல்லும் பாக் விரிகுடா, கிழக்கே தலைமன்னார் வரை வரிசையாக மணல் திட்டுகள். தான் கால் நனைத்த கடலை மேலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு வரைபடம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அதிலேயே இருக்கும் அளவுகோலை எடுங்கள். ராமேஸ்வரத்துக்கு எது கிட்ட, மதுரையா யாழ்ப்பாணமா? மதுரை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நேர்கோடு இழுத்துப் பார்த்தால் மதுரை சுமார் 150 கி.மீ., யாழ்ப்பாணம் சுமார் 90 தான். கொழும்பா சென்னையா என்பதையும் பிள்ளையே அளக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது கப்பல் விளையாட்டு. மரைன்டிராஃபிக் தளத்தில் அந்தந்த நேரம் ஓடும் கப்பல்கள் தெரியும். சூயஸ் வழியாக வந்து சிங்கப்பூர் பக்கம் போகிறவை எல்லாம் இலங்கைக்குத் தெற்கே சாரை சாரையாகப் போகும், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்கூட நம் பக்கம் குறுக்கே வராமல் இலங்கையைச் சுற்றித்தான் போகும். ஏன் என்று கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைகள் யோசித்துச் சொல்லிவிடுவார்கள்: இங்கே ஆழம் இல்லை, தரை தட்டிவிடும். உடனே "அப்பா படகு எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும், தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்த கலங்கள்தான் இதில் தெரியும், நாட்டுப்படகு தெரியாது என்று முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

சரி, தட்டைப் படத்தை முழுசாக நம்பக் கூடாது என்பதும் தெரிய வேண்டுமே. போனில் கூகுள் மேப்ஸை நன்றாகச் சுருக்கினால் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பிரமாண்டமாகத் தெரியும். உண்மையில் இந்தியா சுமார் 32.87 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்து 21.66 லட்சம்தான். இது மாலுமிகள் திசை பிடித்துப் போக 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் படம் போட்ட முறை, துருவத்தை நெருங்க நெருங்க ஊதிக்கொண்டே போகும். தி ட்ரூ சைஸ் தளத்தில் இந்தியாவை விரலால் இழுத்து கிரீன்லாந்து மேல் வைக்கச் சொல்லுங்கள், அங்கே நம் நாடும் ஊதிவிடும்.

கீழக்கரைப் பக்கம் துபாயில் ஆள் இல்லாத வீடு அபூர்வம். அத்தா வீடியோ காலில் வரும்போது அங்கே மணி என்ன என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் பின்னே இருக்கும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, துபாய்க் கடிகாரம் 60 பாகைக்கு. மீதிக் கணக்கைப் பிள்ளையே போடும். மாமா மலேசியாவில் இருந்தால் இரண்டரை மணி முன்னே, அது எத்தனை பாகை என்று கேளுங்கள்.