விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால்

குளத்து மீன்கள் விடியற்காலையில் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துவருகிறது என்று அர்த்தம். சாக்கடையும் வயலில் இருந்து வழியும் உரமும் சேர்ந்தால் பாசி பெருகி, தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிடும். பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி, இரவில் அதை இழுத்துக்கொள்ளும். அதனால் சூரிய உதயத்தை ஒட்டித்தான் அளவு மிகவும் குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. 2-க்குக் கீழே இறங்கினால் கட்லா, ரோகு தாங்காது. மதியம் சோதித்துவிட்டு நன்றாக இருப்பதாக நம்பிவிடாதீர்கள்.

தீவனம், சாணம், உரம் மூன்றையும் உடனே நிறுத்துங்கள். மோட்டார் வைத்துக் குளத்தின் மேல்மட்டத் தண்ணீரையே உறிஞ்சி, காற்றில் சிதறி விழும்படி பீய்ச்சுங்கள். அடிச்சேறு கலங்கினால் இருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதையும் சிதறவிட்டே சேர்க்க வேண்டும். பதற்றத்தில் பலர் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். கழிவு நிறைந்த குளத்தில் அது பிஹெச் அளவை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி, அம்மோனியாவின் நஞ்சைக் கூட்டும்.

ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் சாகும். பகல் நேரத்தில் குஞ்சு, பெரியது, நீர்ப்பூச்சி எல்லாம் ஒன்றாகச் செத்தால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். அந்த மீனைச் சமைக்கவே கூடாது. சுத்தமான கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, ஐஸில் வைத்து அன்றே மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுங்கள்.