மிகுபுனைவுக் கதையில் மனத்தில் நிற்கும் விடுதியை எழுதுவது எப்படி?

மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்களில் வரும் போர்களும் அரண்மனைச் சூழ்ச்சிகளும் மறந்துபோன பிறகும், மழையில் நனைந்து வந்த பயணிகள் கதவைத் தட்டி நுழைந்த விடுதி மட்டும் வாசகர் மனத்தில் நின்றுவிடுவதுண்டு. அப்படியொரு விடுதியை எழுத விரும்புபவர்கள் பெரும்பாலும் எரியும் கணப்பு, கம்பளிப் போர்வை, ஆவி பறக்கும் கிண்ணம் என்று பொருள்களை வரிசையாக அடுக்கத் தொடங்குகிறார்கள். அவை வேண்டியவைதாம். ஆனால் நமக்காக யாரோ ஒருவர் கண்விழித்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்ற உணர்வு வாசகருக்கு எழும்போதுதான் அந்தக் கணப்பில் வெப்பம் ஏறுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

விடுதிக்கு முன்னால் வழியை எழுதுங்கள். குளிர், பசி, பயம் மூன்றும் கதைமாந்தரின் உடம்பில் தெரிய வேண்டும். ‘கடுங்குளிர் அடித்தது’ என்று சொல்லிவிட்டுக் கடந்தால் கதவு திறக்கும்போது வாசகருக்கு எந்த ஆறுதலும் கிடைக்காது. நாள் முழுதும் நடந்து வந்தவன் தோள்மூட்டையை இறக்குகிறான்; விரல்கள் மரத்துப்போனதால் ஈரக்கயிற்றின் முடிச்சை அவனால் அவிழ்க்க முடியவில்லை; அந்தப் பக்கமாகத் தட்டுகளோடு போன பணிப்பெண் அவற்றைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முடிச்சைப் பல்லால் கடித்துத் தளர்த்திக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வழியின் கடுமை, விடுதியின் பரிவு இரண்டையும் இந்த ஒரு செயல் சொல்லிவிடுகிறது. இதற்குப் பிறகு அறையை வருணிக்க நான்கு வரிகள் போதும்.

அடுத்து விடுதிக்காரர். இந்த வகைக்கு இன்றும் முன்மாதிரியாக நிற்பது, 1954இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘த ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்’ நாவலில் வரும் ‘பிரான்சிங் போனி’ விடுதி. அதன் உரிமையாளர் பார்லிமன் பட்டர்பர் ஒரு நிமிடமும் நிற்க நேரமில்லாதவர்; ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கூப்பிட ஓடுகிறவர். அந்த ஓட்டத்தில்தான் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி தந்துவிட்டுப் போன முக்கியமான கடிதத்தை அனுப்ப மறந்துவிடுகிறார். அதனால் கதைநாயகன் ஃப்ரோடோவின் பயணம் ஆபத்தான அளவுக்குத் தாமதமாகிறது. சிரிப்பு வரவழைக்கும் ஒரு குணமே கதையைத் திருப்பும் காரணமாக மாறுவதைக் கவனியுங்கள். அதே விடுதியில், ஃப்ரோடோவின் இனத்தவரான குட்டை உருவ ஹாபிட்டுகளுக்கென்று தரைத்தளத்தில் வட்ட ஜன்னல்களோடு அறைகள் இருக்கின்றன. தன்னைப் போன்றவர்களை எதிர்பார்த்து ஓர் இடம் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிவதைவிட வீட்டை விட்டு வந்தவருக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும்! ஆயினும் அந்த அறைகளில்தான் அன்றிரவு எதிரிகள் புகுந்து படுக்கைகளைக் கிழித்துப் போடுகிறார்கள். ஆபத்து சுவருக்கு வெளியே காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சுவருக்கு மதிப்பு உண்டு.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் விடுதியின் ஒரு நாளைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: விறகு யார் வெட்டுகிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குதிரைகளுக்குத் தீனி வைப்பது யார், கடைசி விளக்கை அணைப்பவர் எத்தனை மணிக்கு எழுகிறார். இதில் இரண்டு மூன்று விவரங்கள் மட்டுமே கதைக்குள் வரும்; எஞ்சியவை எழுத்தை உறுதியாக வைத்திருக்கும்.

பொதுக்கூடம்தான் விடுதியின் மிகச் செழிப்பான பகுதி. வழியில் ஒருவரையொருவர் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லாதவர்கள் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கூடிக் கதை சொல்லும் விளையாட்டை ஆடுபவர்கள் பலர் தங்கள் கதைகளை மதுக்கூடத்திலோ விடுதியிலோ தொடங்குவது இந்த வசதிக்காகத்தான். பழங்கால ஐரோப்பிய விடுதிகளில் முன்பின் அறியாதவர்கள் ஒரே கட்டிலில் படுப்பதும் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் வேர் நகர விடுதிகளில் இருந்த, மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான புகழ்பெற்ற கட்டிலை இப்போதும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். உங்கள் கதையில் ஒரு குள்ளர், ஒரு சூனியக்காரி, தப்பியோடிய படைவீரன் மூவரும் அப்படியொரு கட்டிலைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால் உரையாடல் தானாகவே பிறக்கும்.

மாயத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். மந்திரம் சொன்னதும் தீ மூண்டு, தட்டுகள் தாமே கழுவப்பட்டால், விடுதியில் யாரும் யாருக்காகவும் எதையும் செய்ய வேண்டியிராது. அதைவிட, நாள்தோறும் ஒருவர் பேச்சுக்கொடுத்தால் மட்டுமே எரியும் கணப்பு நல்லது. அதற்கு யாராவது நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

ஓர் அத்தியாயத்துக்கு மேல் தங்கவைக்கப் போகிறீர்கள் என்றால், விடுதிக்கே ஒரு சிக்கல் வேண்டும்: கடன், ஒழுகும் கூரை, வேலையை விட்டுப் போக நினைக்கும் சமையல்காரர். ஓரிரவு மட்டும் என்றால், காலையில் கணக்குத் தீர்க்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். பயணி எதைக் கொடுக்கிறார், விடுதிக்காரர் எதைத் திருப்பித் தருகிறார், எதற்குக் காசு வேண்டாம் என்கிறார் என்பதை எழுதிவிட்டு, பயணியை அங்கேயே வழிக்கு அனுப்பிவிடுங்கள்.