குர்சுராவைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்கு நண்பர்களையும் மாணவர்களையும் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் பயணத்தில் நான் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். விடுமுறை நாளில் போய் நிற்பது, குடிநீர் மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

படத்தை வரலாறாக எடுத்துக்கொள்வது

2017இல் வெளிவந்த 'காஸி அட்டாக்' படத்தில் எஸ்21 என்ற இந்திய நீர்மூழ்கி, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைக் கடலடியில் எதிர்கொண்டு மூழ்கடிக்கும். படம் பார்த்த சூட்டோடு சென்ற நான், டார்பிடோ எனும் நீரடி ஏவுகுண்டுகள் இருக்கும் அறையில் நின்று, காஸியை முடித்தது இந்தக் கப்பல்தான் என்று மாணவர்களிடம் முழங்கினேன். வழிகாட்டியாக நின்ற ஓய்வுபெற்ற கடற்படை வீரர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அது சினிமா சார், இது எஸ்20" என்றார். மாணவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த காஸி, 1971 டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட வீரர்களோடு விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. விக்ராந்தோ அதற்கு முன்பே அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தானே விதைத்த கண்ணிவெடியோ உள்வெடிப்போ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. நீர்மூழ்கி மூழ்கடித்ததாக இருவருமே சொல்லவில்லை. குர்சுரா அந்த இந்திய-பாகிஸ்தான் போரில் ரோந்து சென்றது எதிர்ப்பக்கத்து அரபிக் கடலில். நீருக்கடியில் இருந்தபடியே இன்னொரு நீர்மூழ்கியைத் துரத்தி அழித்ததாக உறுதியாகத் தெரிந்த போர் நிகழ்வு, 1945 பிப்ரவரியில் நார்வேக்கு அருகே பிரிட்டனின் வெஞ்சரர் ஜெர்மனியின் யூ-864ஐ மூழ்கடித்த ஒன்றுதான்.

இவ்வளவையும் வாசலிலேயே சொல்லி அழைத்துப் போனாலும், "காஸியைச் சுட்ட குழாய் எது?" என்று உள்ளே ஒருவர் கேட்டுவிடுகிறார், எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் குழாயைத் தேடுகிற கண்ணுக்கு, டார்பிடோக்களை ஒட்டியே தொங்கும் படுக்கைகள் படுவதில்லை. எழுபதுக்கும் மேற்பட்டோர் வாரக்கணக்கில் டீசல் நெடியோடு வாழ்ந்த இடம் வெறும் படப்பிடிப்புத் தளமாகச் சுருங்கிவிடுகிறது.

நிமிர்ந்து நடப்பது

வட்டக் கதவில் முதலில் காலை விடுங்கள், பிறகு தலையை.

ஜன்னல் தேடுவது

கிடையாது.

பெரிஸ்கோப்போடு திரும்பிவிடுவது

அங்கே படம் எடுத்துக்கொண்டதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. ஆனால் சுமார் 91 மீட்டர் நீளக் கப்பலில் பின்பாதி அப்படியே மிச்சமிருக்கிறது. மூன்று டீசல் எஞ்சின்களுக்கு நடுவே ஓர் ஆள் ஒடுங்கிப் போகும் வழியில் நின்று, இருபுறமும் கையை நீட்டிப் பாருங்கள்; முழங்கை மடங்கியே இருக்கும். அதையும் தாண்டிப் போனால் வாலறையில் இன்னும் நான்கு டார்பிடோ குழாய்கள் இருக்கின்றன. முன்னால் பார்த்தவை ஆறு.