தக்காளி தின்றும் இறங்காத பிரஷர்

இதயத்துக்கு நல்லது என்று மூன்று வாரம் தினமும் தக்காளித் தொக்கு சாப்பிட்டேன். பிரஷர் 148/92-லேயே நின்றது. மிஷின் பேட்டரியை மாற்றினேன்; கைப்பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்றினேன். ம்ஹூம். நாட்டுத் தக்காளிக்கு மாறியும் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: தொக்கு ஜாடி மூடியின் உள்விளிம்பில் உப்பு பூத்திருந்தது! 100 கிராம் தக்காளியில் பிரஷரைக் குறைக்க உதவும் பொட்டாசியம் 200 மில்லிகிராமுக்கு மேல், பிரஷரை ஏற்றும் சோடியம் வெறும் 5 தான். சோடியம் நிறைந்த உப்பைக் கொட்டி அதை நானே தலைகீழாக்கியிருக்கிறேன்.

தொக்கை நிறுத்தினேன். தக்காளியை ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் வதக்கி மிளகு மட்டும் தூவினேன். எண்ணெயோடு வெந்தால் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரையை விடவில்லை. பத்தாம் நாள் 134/84. அப்பாடா! கெட்ச்அப் பாட்டிலிலும் சோடியம் அளவைப் பார்த்துவிடுங்கள்.