ஐடியூன்ஸ் திறக்காதபோது அவசரத்தில் செய்யும் தவறுகள்

மண்டபம் முதல் தொண்டி வரை ரேடியோ செட் தொழில் செய்பவர்களின் பாட்டெல்லாம் இன்று கணினிக்குள் போய்விட்டது. தங்கச்சிமடத்துத் தேவாலயத் திருவிழாவுக்கு ஒரு பட்டியல், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு ஒன்று, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தனித்தனியே. கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து ஐபாடும் ஐபோனும் வந்து இறங்கிய வீடுகளில் இந்தப் பட்டியல்கள் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில் இருக்கும். மேக் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு ஐடியூன்ஸ் விடைபெற்று, அதன் இடத்துக்கு மியூசிக் முதலான செயலிகள் வந்துவிட்டன. விண்டோஸில் அது இன்னும் ஓடுகிறது, ஓடாமல் மக்கர் செய்வதும் அங்கேதான். ஆகவே இது விண்டோஸ்காரர்களுக்காக.

திறக்கவில்லை என்றதும் ‘அழித்துவிட்டு மறுபடி போடு’ என்று யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாம் ஒன்றாக நினைப்பது கணினிக்குள் மூன்று. மென்பொருள் ஒன்று. பாட்டுக் கோப்புகள் இன்னொன்று. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பட்டியலில் வருகிறது, எத்தனை முறை ஒலித்தது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் நூலகக் கோப்பு மூன்றாவது. எது கெட்டது என்று பார்க்காமல் மூன்றிலும் கை வைப்பது, இஞ்சின் கிளம்பவில்லை என்று வலையை வெட்டிக் கடலில் விடுவது போன்றது. முதல் வேலை, மியூசிக் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஐடியூன்ஸ்’ கோப்புறையை முழுதாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பதுதான்.

ஐகானைத் திரும்பத் திரும்பத் தட்டுவதால் பயனில்லை. பல நேரம் ஐடியூன்ஸ் திரைக்குப் பின்னால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அங்கே தெரிந்துவிடும். தெரிந்த உடனே ‘எண்ட் டாஸ்க்’ கொடுப்பதும் தவறு. புதிய பதிப்பு நிறுவிய பின் முதல் முறை திறக்கும்போது அது நூலகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். டிஸ்க் என்ற பத்தியில் எண் அசைந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். அசைவே இல்லாவிட்டால் நிறுத்துங்கள்.

அடுத்து, செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க், போன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பாம்பன், உச்சிப்புளி போன்ற இடங்களில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் களிம்பு பிடித்துப்போகின்றன. டிஸ்க் இணைந்தது போலத் தெரியும், நொடியில் விட்டுப்போகும், அதன் பதிலுக்காக ஐடியூன்ஸ் உறைந்து நிற்கும். பழியோ மென்பொருளின் தலையில் விழுகிறது. முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் வேகமாக ஏறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷைத் தோய்த்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகினால் போதும். வாயால் ஊதுவது ஈரத்தைத்தான் சேர்க்கும்.

இனி நூலகக் கோப்பு. அதிகம் கெடுவது இதுதான் என்று நினைக்கிறேன், நம் ஊர்ப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம். விழா முடிந்ததும் கணினியை முறையாக மூடாமலேயே ஜெனரேட்டரை நிறுத்திவிடுகிறார்கள். ஐடியூன்ஸ் தன் நூலகத்தை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடும். அடுத்த நாள் திறக்காது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐடியூன்ஸைத் திறந்தால், நூலகத்தைத் தேர்ந்தெடுக்கவா, புதிதாக உருவாக்கவா என்று கேட்கும். வேறு இடத்தில் புதிய நூலகம் ஒன்றை உருவாக்குங்கள். திறந்துவிட்டால் மென்பொருளில் குறையில்லை, பழைய நூலகக் கோப்பில்தான் கோளாறு.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வெற்றுத் திரையைப் பார்த்துப் பதறி, எல்லாப் பாட்டையும் மறுபடி இழுத்துப் போடுகிறார்கள். சேர்க்கும் பாட்டை மீடியா கோப்புறைக்கு நகலெடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், வேறிடத்தில் இருந்த பாட்டெல்லாம் இரண்டாகும், டிஸ்க் நிரம்பும். பட்டியல்களோ திரும்பி வராது. வெற்றுத் திரை என்பதற்குப் பாட்டுகள் போய்விட்டன என்று பொருளில்லை.

ஐடியூன்ஸை மூடுங்கள். ‘ஐடியூன்ஸ்’ கோப்புறைக்குள் ‘பிரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்’ என்று ஒன்று இருக்கும். பதிப்பு மாறும்போது எடுத்து வைத்த பழைய நூலகங்கள் தேதியோடு அதில் கிடக்கும். கெட்டுப்போன ‘ஐடியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்’ கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். பழையவற்றில் கடைசித் தேதி உள்ளதை நகலெடுத்து அந்த இடத்தில் வைத்து, தேதியை நீக்கி அதே பெயரைக் கொடுங்கள். பிறகு ஷிஃப்டை அழுத்தித் திறந்து, வெற்று நூலகத்துக்குப் பதில் இதைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சேர்த்த பாட்டுகளை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

புதிய பதிப்பில் உருவான நூலகம் என்பதால் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், அது கெட்டுப்போன கோப்பு அல்ல. யாரோ பழைய ஐடியூன்ஸை நிறுவியிருக்கிறார்கள். பதிப்பைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

திறந்த பிறகு பாட்டுகளுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்தால் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். முன்பு ‘இ’ என்றிருந்த வெளி டிஸ்க் இப்போது ‘எஃப்’ ஆகியிருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் குறிகள் தாமே மறையும்.

புதிய நூலகத்திலும் திறக்கவில்லை என்றால் மட்டுமே மென்பொருளில் கை வையுங்கள். அதற்கும் முன், கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்தித் திறந்தால் வெளியார் செருகுநிரல்கள், அதாவது மற்றவர்கள் எழுதிச் சேர்த்த துணை நிரல்கள், இல்லாமல் ஓடும், அவற்றில் ஏதாவது தடுக்கிறதா என்று தெரியும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியிருந்தால் செட்டிங்ஸில் ‘ரிப்பேர்’ இருக்கிறது, ‘ரீசெட்’டுக்கு முன் அதைப் பாருங்கள். ஆப்பிள் தளத்திலிருந்து நிறுவியதை ஐடியூன்ஸ், ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், மொபைல் டிவைஸ் சப்போர்ட், பான்ஷூர், அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற வரிசையில் நீக்க வேண்டும். முதலாவதை மட்டும் நீக்கி மறுபடி நிறுவினால் பழைய கோளாறு அப்படியே தங்கிவிடலாம்.

2014 ஜனவரியில் 11.1.4 பதிப்பு வந்தபோது ‘எம்எஸ்விசிஆர்80.டிஎல்எல்’ என்ற துணைக் கோப்பு இல்லை என்று பல கணினிகள் நின்றன. வழி இதே முழு நீக்கம்தான். ஆனால் பலர் அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதோ இணையதளத்திலிருந்து இறக்கிப் போட்டார்கள். ஊர் பேர் தெரியாத இடத்து டிஎல்எல்லோடு வைரஸும் வரலாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் மென்பொருள்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்க் ‘டக் டக்’ என்று ஒலித்தால் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள். பழுது பார்க்கச் சொல்லி ‘செக் டிஸ்க்’ ஓட்டினால் சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு வேலை அதிகமாகும். ஓடும் மட்டும் ஓடட்டும் என்று பாட்டுக் கோப்புறைகளையும் ஐடிஎல் கோப்பையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாவிட்டால், வேறு எங்கும் கிடைக்காத உள்ளூர்க் கச்சேரிப் பதிவுகளை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.