தூக்கம் போனபோது நான் போட்ட மின்னஞ்சல்

முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் வாங்கிய இடியாப்பம் மேசையிலேயே காய்ந்து கிடக்கும், நான் ஆய்வேட்டின் ஒரே பத்தியை விடிய விடிய மாற்றி எழுதிக்கொண்டிருப்பேன். வழிகாட்டியிடம் சொல்லப் பயம். அப்புறம்தான் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு, "தூங்க முடியவில்லை, பேச வேண்டும்" என்று மின்னஞ்சல் போட்டேன். கட்டணம் கிடையாது, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய பேசியது வெளியே போகாது என்று முதலிலேயே சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் அழுதுவிட்டேன். ஆலோசகர் என் நாளை மணிவாரியாக எழுதச் சொன்னார். அதில் இரவுச் சாப்பாடே இல்லை. அவரே எழுத்து உதவி மையத்துக்கும் அனுப்பினார், அங்கே சத்தமாகப் படித்தபோதுதான் பத்தியின் சிக்கல் என் காதுக்கே கேட்டது. நள்ளிரவில் தாங்க முடியாவிட்டால் மனம் உடைந்தவர்களுக்கு உதவும் சிங்கப்பூர்த் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸின் 1767 எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.