பழைய கத்தி வாங்குகிறீர்களா? முதலில் பிடியைப் பாருங்கள்

குன்னூரில் பழைய கத்திகள் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் பக்கத்திலிருக்கும் ராணுவ ஊரான வெலிங்டன். கூர்க்காப் படைப்பிரிவுகளில் இருந்தவர்கள், குடகைச் சேர்ந்த அதிகாரிகள் என்று பலரும் ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். வீட்டைக் காலி செய்யும்போது தேக்கு அலமாரியும் பீங்கான் சாமானும் ஏலத்துக்குப் போகும். அலமாரிக்குள் துணியில் சுற்றிக் கிடந்த கத்தி காயலான் கடைக்குப் போகும். அங்கே நிற்கிற ஆள் நான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். இலையை நசுக்கும் சிடிசி ரோலருக்குப் பல் வெட்டிய கை, அதனால் இரும்பு பேசினால் கொஞ்சம் புரியும். புதிதாகச் சேர்க்க வருபவர்கள் எல்லோரும் கத்தியை உருவி அலகைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது விற்பவனுக்கும் தெரியும். அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்குவான், இல்லாவிட்டால் ஆசிட் ஊற்றித் துருவேற்றுவான். பிடியும் அலகும் சேருகிற இடத்தில் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

நம் நாட்டுப் பழைய கத்திகளில் பிடிக்குள் போகும் வாலை அரக்கு ஊற்றி இறுக்குவார்கள். இப்போது செய்பவர்கள் எபாக்சி பசையை ஊற்றுகிறார்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்துப் பார்த்தால் எபாக்சி பெரும்பாலும் வெளிர் நீலமாக ஒளிரும், அரக்கு ஆரஞ்சு நிறம் காட்டும். எபாக்சி தெரிந்துவிட்டால் உடனே போலி என்று தூக்கிப் போடாதீர்கள், ஆடிய பிடியை யாராவது பின்னால் ஒட்டியிருக்கலாம். ஆனால் விலை பேசும்போது அது உங்கள் பக்கம்.

அடுத்து வெர்னியர் அளவுகோல். கத்தியின் முதுகை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: பிடியோரம், நடு, நுனிக்கு அருகில். சுத்தியலால் அடித்த அலகு நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். கடையில் வாங்கிய தகட்டை வெட்டிச் செய்திருந்தால் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்த ஒரு சோதனையிலேயே சுற்றுலாக் கடைச் சரக்கு பாதி கழிந்துவிடும்.

துருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிஜமான பழைய துரு கறுப்பும் பழுப்புமாக இரும்போடு ஒன்றியிருக்கும், விரலால் தேய்த்தால் வராது. ஆசிட் துரு செம்மண் நிறம், கையில் ஒட்டும். கைபடாத மூலையிலும் தினம் தேய்ந்த இடத்திலும் ஒரே மாதிரி துரு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, இங்கே எது கிடைக்கும்? முதலில் குக்ரி, கூர்க்காக்களின் வளைந்த கத்தி. சிங்கத் தலைப் பிடியும் ‘இந்தியா’ என்ற முத்திரையும் இருந்தால் அது நினைவுப் பொருள், அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ராணுவக் குக்ரியில் அம்புக்குறியும் அதன் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்தும் தேடுங்கள். அது அன்றைய இந்திய அரசின் சொத்து முத்திரை. பலவற்றில் ஆண்டும் அடித்திருக்கும், முதல் உலகப் போர்க் காலத்து எண்கள் அவ்வப்போது கண்ணில் படும். பிடியின் விளிம்பு முழுக்க இரும்பு தெரிந்து, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவெட் அடித்திருந்தால் அது பிந்தைய ராணுவ மாதிரி. வால் பிடிக்குள்ளேயே ஓடி, அடியில் சிறு தகட்டின் மேல் மடித்து அடித்திருந்தால் பழைய முறை. உறையில் இரண்டு குட்டிக் கத்திகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தீட்டுவதற்கும் தீ மூட்டுவதற்கும் உள்ளது சக்மக், சின்ன வேலைக்கு கர்தா. பெரும்பாலும் ஒன்று தொலைந்திருக்கும்.

குடகர்களின் பீச்சேகத்தி கிடைத்தால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள அகலமான அலகு, வெள்ளிப் பூண் போட்ட உறை, சங்கிலியில் தொங்கும் சின்னச் சாமான்கள். இன்றும் கல்யாணத்துக்கு இடுப்பில் செருகுகிறார்கள், அதனால் புதிதாகவும் செய்கிறார்கள். பூவேலையை லென்சில் பாருங்கள். எல்லாப் பூவும் ஒரே அளவாக இருந்தால் அச்சில் அடித்தது. கையால் செதுக்கியதில் உளிக் கோடு அங்கங்கே தடம் மாறியிருக்கும்.

தஞ்சாவூர்க் கட்டாரி, அதாவது குறுக்குப் பிடி வைத்த குத்துவாள், காயலான் கடையில் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். ஆனால் சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பாருங்கள். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளின் அலகை வெட்டி ரிவெட் அடித்திருப்பார்கள். அது கலப்படம் இல்லை, அந்தக் காலத்து வழக்கமே அதுதான். இலங்கையின் கண்டி பீகா கத்தியும் கிடைப்பது அரிது, பெயர் சொல்லிக் காட்டுபவர்கள் அதிகம், பொருள் குறைவு. தடித்த முதுகும், பிடியோரம் அலகிலேயே பித்தளையோ வெள்ளியோ பதித்த கொடி வேலையும் இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

‘டமாஸ்கஸ்’, அதாவது இரும்பிலேயே அலைக் கோலம் ஓடும் அலகு என்று யாராவது சொன்னால் அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான கோலம் இரும்புக்குள் இருப்பது, முதுகிலும் தொடரும். மேலே பொறித்தது விளிம்போடு நின்றுவிடும். நம் ஊர் உருக்கின் கோலம் நுணுக்கமானது, பெரிய பெரிய அலையாக ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராது. தங்கக் கம்பி வேலையிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. தங்கம் உதிர்ந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் தெரிந்தால் கம்பியை அடித்துப் பதித்தது. வழவழவென்று இருந்தால் முலாம்.

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது: நீலகிரிப் பழங்குடியான கோத்தர் கொல்லர்கள் அடித்த கத்தி. தோடருக்கும் படுகருக்கும் கத்தியும் கோடரியும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். முத்திரை கிடையாது, வெள்ளி கிடையாது. யார் வீட்டுக் கத்தி, எந்த ஊர் என்று கொடுப்பவரிடம் அப்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் அடையாளம் மிஞ்சும். எனக்குக் கட்டாரியைவிட இவைமேல்தான் ஆசை.

வாங்கியதும் உப்புத்தாள் போடாதீர்கள். போட்டால் முத்திரையும் போச்சு, வயதும் போச்சு. மண்ணெண்ணெயில் நனைத்த துணி, மூங்கில் சிம்பு, பொறுமை, இவை போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்தக் குளிரில் உறைந்து பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெயை மெலிதாகத் தடவுங்கள். தோல் உறைக்குள் கத்தியை வைக்கவே கூடாது, நீலகிரி ஈரத்தை உறை குடித்துக்கொண்டே இருக்கும். உறை தனி, கத்தி தனி. ஜூன் மழை தொடங்கினால் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சட்டம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ செய்ததாக இல்லாவிட்டால், ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. உரிமம் தேவையா என்பது அந்தப் பகுதிக்கான அறிவிப்பைப் பொறுத்தது, காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நூறு வயது தாண்டியது 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிடி தந்தமா எலும்பா என்பதும் முக்கியம். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தின் வெட்டு முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். தந்தம் என்றால் விலை கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பங்களா வேட்டைக் கத்திகளில் கடமான் கொம்புப் பிடி சகஜம், அதுவும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருவதுதான்.